ரெண்டு தடவைக்குச் சாமான் வாங்குங்கள்

நான் முதன்முதலில் செய்த ராகி கேக்கைத் தட்டில் கவிழ்த்தேன். அது கவிழவில்லை. கரண்டியால் நோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. என் மாமியார் ஒரு விள்ளல் வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "களிதானே இது? இதுக்கா காலையில இருந்து இந்தப் பாடு?" என்றார். தருமபுரியில் பிறந்து வளர்ந்தவருக்குக் களி எது என்று தெரியாமல் போகுமா? அவர் சொன்னது சரிதான்.

அன்றைக்கு டப்பாவில் ராகி மாவு அரை கிலோ மீதி இருந்தது. கோகோ பவுடர் பாக்கெட்டும் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. காசு போட்டு வாங்கியது வீணாகிறதே என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன். ரெண்டாவது கேக் கவிழ்ந்தது, ஆனால் சோடா நெடி தாங்கவில்லை. மூன்றாவதை என் மகன் பள்ளிக்கு எடுத்துப்போய் டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்தான்.

அதற்குப் பிறகு ஸ்கூட்டர் பழகினேன், தனியாகப் பஸ் ஏறி ஊர் சுற்றப் பழகினேன், கன்னடம் பழகப் பார்த்தேன் (அது இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது). எல்லாவற்றிலும் கைகொடுத்தது அந்த மீதி மாவுக் கணக்குதான். புதிதாக எதைத் தொடங்கினாலும் ரெண்டு தடவைக்கு வேண்டிய பணம், நேரம், சாமான் மூன்றையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவேன். முதல் தடவை சொதப்பும் என்று கணக்கிலேயே எழுதியாகிவிட்டதால், சொதப்பும்போது பெரிதாக வலிப்பதில்லை. ரெண்டு தடவைக்குக் கட்டுப்படியாகாத வேலை என்றால் அது இப்போதைக்கு நம் கைக்குப் பெரிது, சின்னதாக வேறொன்று பார்க்க வேண்டும். மூன்றடுக்குப் பிறந்தநாள் கேக் வேண்டாம், அரை கிலோ கேக் போதும். கோவா வேண்டாம், ஒகேனக்கல் போதும்.

முதலில் அடுப்படி

கேக் செய்ய ஆசை வந்ததும் ஓவன் விலை விசாரிக்கப் போகாதீர்கள். ஐந்து கேக் குக்கரில் செய்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் அப்போது வாங்கலாம். வாங்கும்போதும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சாப்பாடு சூடு பண்ண மட்டும் ஆகும் சாதாரண மைக்ரோவேவில் கேக் பொன்னிறமாக வேகாது. அதற்குச் சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்ஷன் வசதி உள்ளது வேண்டும், அல்லது ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வேண்டும்.

குக்கர் பழையதாக இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் சூடேற்றப் போகிறோம், அதனால் புதுக் குக்கரையும் நான்ஸ்டிக் குக்கரையும் இதற்குத் தொடாதீர்கள். ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர் சரியாக இருக்கும். மூடியிலிருந்து ரப்பரைக் கழற்றுங்கள், வெயிட்டை எடுத்துவிடுங்கள். இந்த ரெண்டையும் மறந்தால் ஆபத்து. உள்ளே கல்லுப்பை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே சின்ன ஸ்டாண்டோ பழைய தட்டோ வைத்து, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் காயவிட வேண்டும். அந்த உப்பைக் குழம்புக்குப் போட முடியாது, ஆனால் தனி டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்தடுத்த கேக்குக்கு அதுவே போதும்.

இப்போது மாவு. எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் ராகி இருக்கும், அதனால் ராகியில் தொடங்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் முதல் அடி. கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைக் கலக்கும்போது அது ஜவ்வாக இழுத்துக்கொண்டு, உள்ளே கிளம்பும் காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைக்கும். ராகியில் அது கிடையாது. வெறும் ராகி மாவில் சோடா போட்டால் குமிழி வரும், வந்த வேகத்தில் வெளியே போய்விடும். கேக் தட்டையாக அமுங்கிவிடும். களி என்று மாமியார் சொன்னது அதைத்தான். முதல் தடவை செய்கிறவர்கள் ராகியும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதி போடுங்கள். கை பழகியபின் ராகியைக் கூட்டலாம்.

அளவுக்கு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதே டம்ளரால் அளந்துவிடுங்கள். முக்கால் டம்ளர் ராகி மாவு, முக்கால் டம்ளர் கோதுமை மாவு, முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், அரை டம்ளர் தயிர், மூன்றில் ஒரு பங்கு டம்ளர் எண்ணெய் (கடலெண்ணெய் வாசனை மேலே நிற்கும், ரீஃபைண்டு எண்ணெய் நல்லது), ரெண்டு மேசைக்கரண்டி கோகோ, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல. சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும், அந்த வேலையைத் தயிர் செய்கிறது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பும் கலந்தே வரும். நான் ரெண்டாவது தடவை, மேலே உப்பட்டும் என்று சோடாவை ஒரு டீஸ்பூன் முழுக்கப் போட்டேன். சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது.

வெல்லத்தை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். மண் இல்லாத வெல்லத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆறிய வெல்லத் தண்ணீரில் தயிரையும் ராகி மாவையும் கலந்து கால் மணி நேரம் அப்படியே மூடி வைக்க வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டால் தின்னும்போது நறநறவென்று இருக்கும். ராகிக்கு ஊற நேரம் வேண்டும், களி கிண்டுகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். அப்புறம் எண்ணெய் ஊற்றி, கோதுமை மாவு, கோகோ, பவுடர், சோடா, உப்பு எல்லாவற்றையும் சலித்துச் சேர்த்துக் கலக்குங்கள். பதம் இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, தோசை மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியானால் ரெண்டு கரண்டி பால். மாவு ஒன்றாகக் கலந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், போட்டு அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பராகும். கலந்ததும் தாமதிக்காமல் எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் ஊற்றிக் குக்கருக்குள் இறக்கிவிடுங்கள். பாத்திரத்தில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் மாவு வேண்டாம். தயிரோடு சேர்ந்த நொடியே சோடா வேலையைத் தொடங்கிவிடும், அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

தீயைச் சிம்மில் வைத்து நாற்பது நிமிடம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. நான் முதல் நாள் கால் மணிக்கு ஒரு தரம், இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கும், நடுப்பாகம் குழி விழும். நாற்பது நிமிடம் கழித்துக் கழுவிய தென்னை ஈர்க்கை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். வெளியே எடுத்து நன்றாக ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். இந்த ஆறும் நேரம்தான் வீட்டில் பெரிய சண்டைக்குக் காரணம், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

சொதப்பிய கேக்கை என்ன செய்வது? வெந்திருந்தால் உதிர்த்து, நெய்யில் லேசாக வறுத்து, தேங்காய்த் துருவல் போட்டு உருண்டை பிடித்துவிடலாம். வேகாமல் இருந்தால் இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவிடலாம், பார்க்க அழகாக இருக்காது. சோடா கூடியதற்கு மட்டும் மருந்து கிடையாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவேன். முதல் கேக்கை யாருடைய பிறந்தநாளுக்கும் செய்யாதீர்கள். எந்த விசேஷமும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். அதேபோல, நாலு பேர் நன்றாயிருக்கிறது என்றதும் ஆர்டர் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். விலைக்கு விற்பதென்றால் வீட்டு அடுப்படிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், அதை முடித்துவிட்டு விற்கலாம்.

ஸ்கூட்டரும் கன்னடமும்

ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்து முப்பது நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டப் போக முடியும், எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். இந்த ஆறு மாதத்தை நான் ரெண்டு தடவைக்கான நேரம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் தடவை எட்டில் கால் ஊன்றிவிட்டேன், ரெண்டாவது தடவை ஊன்றவில்லை. பழகும்போது கணவரையோ அண்ணனையோ பின்னால் உட்காரவைக்காதீர்கள். அவர்கள் கத்துவார்கள். பக்கத்து வீட்டு அக்கா யாராவது இருந்தால் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்.

மொழி பழக தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்காரர்களான நமக்கு உள்ள வசதி மற்றவர்களுக்குக் கிடையாது. ஓசூர்ப் பக்கம் போனால் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். நான் ஓசூரில் பூ வாங்கும்போது பக்கத்தில் நின்ற பெண் பூக்காரியிடம் "எந்த?" என்றார். எந்தப் பூ என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "அந்த ரோஜா" என்று நான் கையைக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரித்தார்கள். தெலுங்கில் அதற்கு எவ்வளவு என்று அர்த்தம். கன்னடத்தில் "எஷ்டு". ஒரு மொழியில் விலை கேட்கவும், "ஸ்வல்ப நிதானவாகி ஹேளி", அதாவது கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று சொல்லவும் தெரிந்தால் கடைத்தெருவில் ஒரு வாரம் ஓட்டலாம். மீதியை எதிரில் இருப்பவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

திடீரென்று பஸ் ஏறுவது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ராத்திரி யோசித்து, காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் பயணம். ராத்திரிக்கு முந்தி யோசித்தால் அது டூர் ஆகிவிடும். ஆளுக்கொரு இடம் சொல்லி, கடைசியில் யாரும் போகமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். துண்டு, ஒரு மாற்றுத் துணி, குடை, தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை, ஆதார் நகல், சார்ஜர், பத்து இருபது ரூபாய்த் தாள்களாக முந்நூறு ரூபாய். மலைப்பக்கமும் காட்டுப்பக்கமும் போனில் சிக்னல் போனால் காசு அனுப்ப முடியாது. அப்புறம், காலை முதல் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்கே தெரியும். பை தயாராக இருப்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது. திடீர்ப் பயணம் பெரும்பாலும் ‘துண்டு எங்கே’ என்ற இடத்தில்தான் நின்றுபோகிறது.

பெண்களுக்கு ஒரு சௌகரியம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் நமக்கு டிக்கெட் இல்லை. வெளியூர் வண்டிகளில் உண்டு. ஏறும் முன்பு வண்டியின் பலகையைப் பார்த்துவிடுங்கள். சுற்றுவட்டாரத்தை முதலில் நகரப் பேருந்திலேயே முடித்துவிடலாம், செலவு டீயும் வடையும்தான்.

முதல் பயணம் பக்கத்திலேயே இருக்கட்டும். தருமபுரிக்காரர்களுக்கு அதியமான்கோட்டை இருக்கிறது, சேலம் சாலையில் கொஞ்ச தூரம். அங்குள்ள காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும், முதல் தடவை அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். பாப்பாரப்பட்டியும் நல்ல தேர்வு. சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்த ஊர், 1925 ஜூலை 23 அன்று காலமானதும் அங்கேதான். நினைவிடத்தில் பெரும்பாலும் கூட்டம் இருக்காது, நிழலில் உட்கார்ந்துவிட்டு வரலாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு தென்பெண்ணையின் மேல் கட்டிய அணை பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகலாம். ஒன்றும் வாங்க வேண்டிய அவசியமில்லை, ஆடு விலை பேசுவதைக் கேட்டுக்கொண்டே நிற்கலாம்.

இதிலெல்லாம் கால் பழகிய பிறகு ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் என்பதால் நமக்கு ஒகேனக்கல் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படி நினைத்துத்தான் ஓர் ஆடி மாதம் எதையும் பார்க்காமல் கிளம்பிப் போனேன். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது, குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது: முதல் நாள் சாயங்காலச் செய்தியில் பிலிகுண்டுலு என்ற பெயரைத் தேடுங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த இடத்தில் வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று அளக்கிறார்கள், மழைக்காலத்தில் அந்தக் கணக்கு அன்றாடம் செய்தியில் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் மழை வலுத்தால், கர்நாடக அணைகள் நிறைந்து திறந்துவிடுகிறார்கள். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் ஆறு பெருகுவது அதனால்தான். நம் வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீர்வரத்து ஏறிக்கொண்டே போகிறது என்று செய்தி வந்தால் பையை ஆணியில் திரும்ப மாட்டிவிடுங்கள்.

தடை இல்லாத நாளில் போனால் செய்ய வேண்டியவை. காலையிலேயே போய்ச் சேருங்கள். பரிசலுக்கு முதலில் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போங்கள், வழியில் கூப்பிடுகிறவர்களிடம் பேரம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், ஏறிய பிறகு கழற்றாதீர்கள். மூங்கிலில் பின்னிய வட்டமான கூடைதான் பரிசல். ஓரத்தில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது சாயும், அதனால் பரிசல்காரர் சொல்லும் இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். நடுவில் கொண்டுபோய் அவர் ஒரு சுற்றுச் சுற்றுவார். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

குளிப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளியுங்கள். பாறை வழுக்கும், தண்ணீருக்கு அடியில் சுழல் இருக்கிறது. மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்கி உயிரை விட்டவர்கள் நிறையப் பேர். எண்ணெய் மசாஜ் செய்துகொள்கிறவர்கள் பழைய துணி கொண்டுபோங்கள், விலையை எண்ணெய் ஊற்றும் முன்பே பேசிவிட வேண்டும். மீனை நாமே பார்த்து வாங்கி, அங்கே சமைத்துக்கொடுக்கும் அம்மாக்களிடம் கொடுத்தால் குழம்பாகவோ வறுவலாகவோ செய்து தருவார்கள். காரம் குறைவாக வேண்டும் என்று சொன்னாலும் பெரிய மாற்றம் இருக்காது. பென்னாகரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவில் காடு, யானை நடமாட்டம் உண்டு. ஸ்கூட்டரில் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே காட்டைத் தாண்டிவிட வேண்டும்.

எந்த ஊரானாலும் இறங்கியதும் முதல் வேலை ஒன்றுதான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்டக்டரிடம், "அண்ணா, திரும்பிப் போகக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய வண்டியைத்தான் நமது வண்டி என்று வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வண்டி சில நாள் வராது. வீட்டில் ஒருவரிடமாவது எந்த ஊர், எந்த வண்டி என்று சொல்லிவிட்டுப் போங்கள். முழுத் திட்டமும் சொல்லத் தேவையில்லை.

தீர்த்தமலையில் எனக்கு இது நடந்தது. மலை ஏறி, பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துவிட்டு, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கி வருவதற்குள் நேரமாகிவிட்டது. நமது வண்டி போய்விட்டது, கடைசி வண்டியைக் காணோம். இந்த மாதிரி நேரத்தில் தருமபுரி வண்டிக்காகவே காத்திருக்கக் கூடாது. பக்கத்துப் பெரிய ஊர் எதுவோ, அந்தப் பக்கம் போகிற எந்த வண்டி வந்தாலும் ஏறிவிட வேண்டும். டீக்கடைக்காரர் கைகாட்டி நிறுத்திய வண்டியில் அரூர் வந்து சேர்ந்தேன். அங்கிருந்து தருமபுரிக்கு வண்டி இருந்தது.

அரூர் பஸ் நிலையத்திலிருந்து மாமியாருக்குப் போன் செய்தேன். "வந்துடு, வந்துடு. களி கிண்டி வச்சிருக்கேன்" என்றார்.

"களியா, கேக்கா அத்தை?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.